அசைன்மென்ட் ஷீட் முதல் அப்ரைசல் வரை: ஒரு வார்டு இன்சார்ஜின் அனுபவம்

நல்ல ஸ்டாஃப் நர்ஸ் என்று பேர் வாங்கினால் ஒரு நாள் இன்சார்ஜ் ஆக்கிவிடுவார்கள். நரம்பே கிடைக்காத நோயாளிக்கும் ஒரே குத்தில் கேனுலா (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போடுகிறவள், கேஸ் ஷீட்டைப் புரட்டாமலே எந்த பெட்டுக்கு என்ன மருந்து என்று சொல்லிவிடுகிறவள். அவளுக்கு மறுநாள் காலையிலிருந்து வேலையே வேறு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களை இனி அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சாவிக்கொத்தையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் கையில் கொடுத்து, "இனி நீங்கதான் சிஸ்டர்" என்று சொல்வதோடு பயிற்சி முடிந்துவிடும்.

புதிதாக வருகிற இன்சார்ஜ்களில் இரண்டு ரகம் பார்த்திருக்கிறேன். ஒரு ரகம் பழைய வேலையை விடாது. ஜூனியர் தடுமாறினால் "தள்ளு, நான் போடறேன்" என்று தானே கேனுலாவைப் போட்டுவிடும். வேலை சட்டென்று முடியும், ஆனால் அந்த ஜூனியர் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தில் நின்று தடுமாறிக்கொண்டிருப்பாள். இன்னொரு ரகம் யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் போனை எடுத்தார் என்று குறித்துக்கொண்டே திரியும். அந்த வார்டில் இன்சார்ஜ் உள்ளே வந்தாலே பேச்சு நின்றுபோகும்.

பல வார்டுகளில் இருந்து பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஆட்களைக் கவனிப்பது, தாங்கிப் பிடிப்பது, வளர்ப்பது எல்லாம் தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கிற காரியங்கள் இல்லை. அசைன்மென்ட் போடுவது, டூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவர் எடுப்பது, ரோஸ்டர் (டூட்டி அட்டவணை) எழுதுவது என்று எப்படியும் தினமும் செய்தாக வேண்டிய வேலைகளுக்குள்ளேதான் அவை நடக்கின்றன. வருடத்துக்கு ஒரு தடவை வருகிற அப்ரைசல் படிவத்தில் புதிதாக எதுவும் நடப்பதில்லை.

அசைன்மென்ட் ஷீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பெட், ஐந்து நர்ஸ், ஆளுக்கு ஆறு என்று கோடு போட்டுப் பிரிப்பது எளிது. பார்க்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் டிஸ்சார்ஜுக்குக் காத்திருப்பவரும் ஒரு பெட், நேற்றுதான் வயிற்றில் அறுவை முடிந்து டிரெயின் (கசிவை வெளியேற்றும் குழாய்), டிரிப், மணிக்கு மணி யூரின் அளவு என்று கிடப்பவரும் ஒரு பெட். ஒருத்திக்கு முதல் வகையில் நான்கு, இன்னொருத்திக்கு இரண்டாவது வகையில் நான்கு என்று அமைந்துவிட்டால், பத்து மணிக்கு ஒருத்தி கேஸ் ஷீட் எழுதி முடித்திருப்பாள், மற்றவள் தண்ணீர் குடிக்கக்கூட உட்கார்ந்திருக்க மாட்டாள். நான் ஒவ்வொரு நோயாளிக்கும் 1, 2, 3 என்று பாரம் போட்டுக்கொண்டு கூட்டிப் பார்த்துப் பிரிப்பேன். மூன்று நிமிட வேலை. நைட் டூட்டி நர்ஸிடம் "இதில் யார் உன்னை ஓடவிட்டார்?" என்று கேட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அதற்கு மேல், எந்த நோயாளியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. நர்சிங் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் படியில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஐந்தாம் படியில் இருப்பவர் நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று நிற்பார். இதில் இன்சார்ஜ்கள் அடிக்கடி மறப்பது, இந்தப் படி ஆளோடு ஒட்டிக்கொண்டு போவதில்லை என்பது. ஐசியுவில் பத்து வருடம் இருந்தவரைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினால், அங்கே அவர் ஏறக்குறைய புதியவர். "உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்" என்று சொல்லி முதல் நாளே முழுப் பாரத்தையும் தூக்கிக் கொடுத்தால் அவரால் "தெரியாது" என்று சொல்ல முடியாது. சீனியரின் கௌரவம் தடுக்கும். அப்படிப்பட்டவர்களிடம் நானே முந்திக்கொண்டு, "இந்த வார்டு மருந்து டோஸ் எல்லாம் எடைக் கணக்கு. முதல் வாரம் யாராவது கூட நிற்கட்டும்" என்று சொல்லிவிடுவேன். கேட்கிற சங்கடம் அவர்களுக்கு வராது.

கவனிப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்து சொல்கிறேன். ஒரு ஜூனியர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை பம்ப்பில் ஏற்றத் தயார் செய்துகொண்டிருந்தாள். 50 மில்லி சிரிஞ்சில் 25,000 யூனிட். ஆர்டர், மணிக்கு 1,200 யூனிட். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கணக்கைச் சொல்லும்மா."

"ஒரு மில்லியில் 500 யூனிட் சிஸ்டர். அப்போ 1,200-ஐ 500-ஆல் வகுத்தா... 2.4."

"பம்ப்பில் என்ன இருக்கு?"

திரும்பிப் பார்த்தாள். 24 என்று இருந்தது. ஸ்டார்ட் இன்னும் அழுத்தவில்லை. முகம் வெளுத்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை, அவளே மாற்றினாள். அவள் கணக்கு சரிதான், புள்ளி மட்டும் விழவில்லை. அப்படியே ஓடியிருந்தால் பத்து மடங்கு.

இதில் நான் கவனமாக இருந்தது கேள்வியில். "சரியா போட்டியா?" என்று கேட்டிருந்தால் "போட்டேன் சிஸ்டர்" என்றுதான் பதில் வந்திருக்கும். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு எந்த வார்டிலும் "புரியலை" என்று பதில் வந்து நான் கேட்டதில்லை. கணக்கைச் சொல்லச் சொல்ல வேண்டும், செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம் போன்ற அபாய மருந்துகளுக்கு இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. நடைமுறையில் இரண்டாமவர் முதல் ஆளின் விடையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அது சரிபார்ப்பே இல்லை. முதல் ஆளின் விடை தெரியாமல் இரண்டாமவர் தனியாகக் கணக்குப் போட்டு, அப்புறம்தான் ஒப்பிட வேண்டும். இதை நான் சுற்றறிக்கை போட்டுக் கொண்டுவரவில்லை. கையெழுத்துப் போட வருகிறவரிடம் ஒரு வெற்றுத் தாளை நீட்டுவேன், அவ்வளவுதான். சில வாரங்களில் பழகிவிட்டது.

இன்னொன்று, அந்தப் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசியது நோயாளியின் கட்டிலருகே இல்லை. டூட்டி முடிந்த பிறகு, தனியாக. பாராட்டை எல்லார் முன்னாலும் சொல்லலாம், திருத்தத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ரவுண்ட்ஸ் நடுவில் கத்துகிறவர்கள் நிறைய.

தப்பு நடந்தேவிட்டால்? முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மருந்து மாறிப் போனால் உடனே மெமோ. மெமோவின் நகல் நோட்டீஸ் போர்டில். விளைவு, இன்சிடென்ட் ரிப்போர்ட் வருவதே நின்றுபோனது. நிர்வாகம் அதைத் தரம் உயர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தப்பு அதிகம் என்பதைவிட, அதைச் சொல்லப் பயம் இல்லை என்பதுதான் பொருத்தமான விளக்கமாக இருந்தது. ரிப்போர்ட்டே வராத வார்டைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

தப்பு என்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. தவறுகளை எப்படி நியாயமாகக் கையாள்வது என்று டேவிட் மார்க்ஸ் வகுத்த பாகுபாடு எனக்கு வார்டில் நிறைய உதவியது. கைதவறி நடப்பது ஒன்று. அதற்கு ஆறுதல் சொல்லி, அது மறுபடி நடக்காதபடி ஏற்பாட்டை மாற்ற வேண்டும். அவசரத்தில் குறுக்குவழி எடுப்பது இன்னொன்று. உதாரணமாக, நோயாளியின் கைப்பட்டையைப் பார்க்காமல் பெட் நம்பரை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது. அதற்கு உட்காரவைத்துப் பேச வேண்டும், ஏன் அந்தக் குறுக்குவழி தேவைப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். பல சமயம் ஆள் பற்றாக்குறைதான் பதிலாக வரும். ஆபத்து தெரிந்தும் துணிந்து செய்வது மூன்றாவது. நடவடிக்கை அதற்குத்தான். முதல் வகைக்கு மூன்றாவதன் தண்டனையைக் கொடுக்கிற இடத்தில் நல்லவர்கள் தங்க மாட்டார்கள்.

ஏற்பாட்டை மாற்றுவது என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே மாதிரித் தோற்றமுள்ள இரண்டு ஆம்பியூல்கள் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்றைக்காவது ஒரு கை தவறும். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல்களைப் பொது வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று பல நாடுகள் முடிவெடுத்தது இதனால்தான். கவனமாக இருங்கள் என்று நூறு தடவை சொல்வதைவிட ஒரு தட்டைக் காலி செய்வது மேல்.

தப்பு செய்த நர்ஸுக்கு அன்று என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆல்பர்ட் வூ 2000-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, தவறு செய்துவிட்டு நொறுங்கிப்போகிற மருத்துவரையும் நர்ஸையும் இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று சொல்கிறார்கள். நோயாளியின் பாதுகாப்பை உறுதி செய்து, டாக்டருக்குச் சொல்லி முடித்ததும் அவளை மருந்து டிராலியிலிருந்து எடுத்துவிடுவேன். அதைத் தண்டனையாக அவள் நினைத்துவிடக் கூடாது, அதனால் காரணத்தையும் சொல்வேன்: "கை நடுங்குது, அடுத்த ரவுண்டு நான் கொடுக்கறேன்." சாயங்காலம் ஒரு போன். அடுத்த டூட்டியில் அதே வேலையை, கூட ஒருவரை நிறுத்தி, அவளிடமே திரும்பக் கொடுப்பேன். இதில் கடைசிப் படிதான் ரொம்ப முக்கியம். நாள் தள்ளத் தள்ள பயம் கெட்டிப்பட்டுப் போகும்.

ரோஸ்டர் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிற்காது. ஒரு வார்டின் சண்டைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் பிறக்கிறது. எல்லாருக்கும் லீவ் வேண்டியிருக்கிற நாட்களில் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்பதை அவர்கள் வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். நாமும் வைத்திருக்க வேண்டும், எழுத்தில். ஒரு வேண்டுகோள் நோட்டு, எல்லார் கண்ணுக்கும் படும் இடத்தில். போன தடவை விட்டுக்கொடுத்தவளுக்கு இந்தத் தடவை முதல் உரிமை. ரோஸ்டர் இரண்டு வாரம் முன்னாலேயே சுவரில் இருக்க வேண்டும். சாயங்கால டூட்டி முடித்து நடுராத்திரி வீட்டுக்குப் போனவளை மறுநாள் காலை டூட்டிக்கு அழைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 24 மணி நேரத்தில் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு கட்டாயம். அந்த விதி இல்லாத ஊரிலும் உடம்பு ஒன்றுதானே. அமெரிக்க நர்ஸ்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், டூட்டி 12.5 மணி நேரத்தைத் தாண்டும்போது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காகியிருந்தது. "இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போம்மா" என்று கேட்கும் முன் நான் நினைத்துக்கொள்கிற எண் அது.

ரோஸ்டரில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அநியாயம் உண்டு. முகம் சுளிக்காமல் வேலை செய்கிறவளுக்கே கஷ்டமான பெட், அவளுக்கே எக்ஸ்ட்ரா டூட்டி, புதிதாக வருகிறவரும் அவள் தலையில். முணுமுணுக்கிறவரை எல்லாரும் விட்டுவிடுகிறோம். இரண்டு வருடத்தில் அந்த நல்ல நர்ஸ் ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்பாள், நாம் "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்று கேட்போம். மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை நைட், எத்தனை பாரமான நாள் என்று எண்ணிப் பார்த்தால் இது பட்டென்று தெரிந்துவிடும்.

ஆள் போதவில்லை என்று மேலே எழுதுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "ஸ்டாஃப் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள்" என்று எழுதினால் அனுதாபம் கிடைக்கும், ஆள் கிடைக்காது. லிண்டா ஐக்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் சாத்தியம் 7 சதவீதமும், நர்ஸ் வேலைச் சுமையால் சோர்ந்து ஓய்ந்துபோகும் (பர்ன் அவுட்) சாத்தியம் 23 சதவீதமும் கூடியதாக அது காட்டியது. இந்த மாதிரி எண்ணைக் கடிதத்தின் மேலே வைத்து, கீழே நம் வார்டின் சொந்தக் கணக்கை வைக்க வேண்டும்: தேதி, நோயாளிகள், நர்ஸ்கள், நேரம் தவறிப்போன மருந்துகள், புரட்டிப் படுக்கவைக்க முடியாமல் போனவர்கள், ஓவர்டைம். எனக்கு ஆள் கிடைத்தது அந்த அட்டவணைக்குப் பிறகுதான். முழுசாக இல்லை, ஆனால் கிடைத்தது.

தாங்கிப் பிடிப்பது என்பதில் பேச்சுக்கும் இடம் உண்டு. மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் என்று 1980களில் பிரிஜிட் பிராக்டர் வகுத்தார்: தரத்தைக் காப்பது, திறமையை வளர்ப்பது, மனதைத் தேற்றுவது. பெரும்பாலான வார்டுகளில் முதல் ஒன்று மட்டும்தான் நடக்கிறது. நான் மாதம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் தனியாகக் கால் மணி நேரம் உட்காருவேன். லீவ் பேச்சு அதில் கூடாது. இந்த மாதம் எது நன்றாகப் போனது, எந்த நோயாளி மனதை விட்டுப் போகவில்லை, அடுத்து என்ன கற்றுக்கொள்ள ஆசை. இவ்வளவுதான் கேள்வி. முதல் இரண்டு மாதம் எல்லாரும் "ஒண்ணும் இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அப்புறம்தான் வாய் திறந்தது. யாரிடமும் அதிகம் பேசாத ஒருத்தி, நாள்பட்ட புண்களைக் கவனிப்பதில் தனக்கு ஆசை என்றாள். அவளை வார்டின் புண் பராமரிப்புப் பொறுப்பாளராக்கி, படுக்கைப் புண் கணக்கை அவளிடம் விட்டேன். சில மாதங்களில் டாக்டர்களே "அவங்களைக் கூப்பிடுங்க, டிரஸ்ஸிங் என்ன போடலாம்னு கேட்கணும்" என்று தேடி வந்தார்கள். அவளும் பேச ஆரம்பித்தாள்.

புதிதாகப் படிப்பு முடித்து வருகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் பெரிய அடி. கல்லூரியில் படித்ததும் வார்டில் நடப்பதும் மோதுகிற அந்தத் திகைப்பைப் பற்றி மார்லின் கிராமர் 1974-லேயே எழுதிவிட்டார். அவர்களை "யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்ககிட்ட கேட்டுக்கோ" என்று விட்டால், யாரும் ஃப்ரீயாக இருக்கப்போவதில்லை. ஒருவருக்கு ஒரு சீனியர், பேர் சொல்லி. அந்த சீனியருக்கு அந்த நாட்களில் இரண்டு நோயாளி குறைவாக. இரண்டாவது பாதியைச் செய்யாமல் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு, சீனியர்கள் சொல்லித் தர மாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்படுவதில் அர்த்தம் இல்லை.

ஜூனியர்கள் அதிகம் பயப்படுவது நள்ளிரவில் டாக்டருக்கு போன் செய்வதற்கு. "டாக்டர், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று ஆரம்பித்தால் திட்டுத்தான் விழும். எஸ்பார் (SBAR) என்கிற, தகவலை நான்கு பகுதியாகச் சொல்லும் முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது: இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். நான் ஹேண்ட் ஓவர் முடிந்ததும் போனே இல்லாமல் நடித்துப் பார்க்கச் சொல்வேன். "டாக்டர், சர்ஜிகல் வார்டு நைட் நர்ஸ் பேசறேன். 14-ஆம் பெட்டுக்கு பிபி 84/50, பல்ஸ் 124. இன்னிக்கு மதியம் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். ரெண்டு மணி நேரமா யூரின் 15 மில்லிதான், டிரெயினில் 300 மில்லி ரத்தம். உள்ளே ரத்தம் கசியுதுன்னு நினைக்கறேன். நீங்க உடனே வந்து பார்க்கணும்." கடைசி இரண்டு வாக்கியங்களைச் சொல்லத்தான் அவர்களுக்கு வாய் வராது. கணிப்பு சொல்ல நர்ஸுக்கு உரிமை உண்டு என்பதை இந்த ஒத்திகையில்தான் நம்ப ஆரம்பிப்பார்கள்.

அதையும் மீறி ஒரு டாக்டர் வார்டு நடுவில் என் ஸ்டாஃபைப் பார்த்துக் கத்தினால், நான் எழுந்து நடுவில் போய் நின்றுவிடுவேன். "டாக்டர், என் ரூமுக்கு வாங்க, என்னன்னு பேசலாம்." தப்பு யார் பக்கம் என்பது அப்புறம். அன்று நின்றால் ஒரு வருடத்துக்கு அந்த வார்டில் வேறு எதற்கும் கெஞ்ச வேண்டியதில்லை.

வேலையைப் பகிர்ந்து கொடுப்பதில் இன்சார்ஜுக்கு இரண்டு லாபம்: சுமை குறையும், ஆள் வளரும். ஆனால் கொடுத்துவிட்டு மறந்துபோவதை எல்லாம் பகிர்வு என்று சொல்ல முடியாது. எந்த வேலை, எந்தச் சூழ்நிலையில், யாரிடம், என்ன சொல்லி, எப்படித் திரும்பிப் பார்ப்பது என்று ஐந்தையும் யோசிக்கச் சொல்வார்கள். கடைசியில் சொன்னதுதான் எப்போதும் விட்டுப்போகும்.

எனக்கு அடுத்து இன்சார்ஜ் ஆகக்கூடியவள் என்று நினைத்த ஒருத்தியிடம் ஒரு மாத ரோஸ்டரை முழுசாக விட்டேன். "இதில் என்ன இருக்கு சிஸ்டர், ஒரு மணி நேர வேலை" என்று வாங்கிக்கொண்டு போனவள், மூன்றாம் நாள் நோட்டு நிறைய அடித்தல் திருத்தலோடு வந்தாள். யாருக்கு எந்த ஆஃபை மறுத்தாள், ஏன் மறுத்தாள் என்று மட்டும் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தாள், ஒன்றிரண்டு என்னுடையதைவிட நல்ல காரணம். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டிருந்தாள். ஆள் குறைவான நாள் அது, இன்சார்ஜ் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்றாள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.